பழைய அலுமாரிக்கு எந்தப் பாதையால் போவது?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரில் வாடகை வீடு எடுத்து இரண்டு மாதமான ஒரு தம்பி கேட்கிறார்: "வீட்டில் பாயும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும்தான் இருக்கு. அலுமாரி, சாப்பாட்டு மேசை, மனைவிக்குத் தையல் மெசின், ஒரு குத்துவிளக்கு வேணும். புதிதாக வாங்கக் கட்டாது. சனி ஞாயிறு லீவு. மச்சானிடம் பட்டா லொறி இருக்கு. பெரிய ரோட்டை விட்டு ஊர்ப் பாதைகளால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சுற்றி வந்தால் நல்ல பழைய சாமான் மலிவாக எடுக்கலாமா? எங்கே போவது, என்ன பார்ப்பது?"

எடுக்கலாம் தம்பி. நான் ஓடாவி, மரவேலை செய்கிறவன். அப்பாவும் ஓடாவி. முப்பது வருடமாகப் பழைய தளபாடங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். என் வீட்டில் இருக்கிற மரச் சாமான்களில் கட்டிலைத் தவிர எல்லாமே பிறர் வீட்டில் ஒரு காலம் இருந்தவைதான். ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை பட்டாவைக் கொண்டுபோகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் நீங்களும் மனைவியும் போங்கள். வெறும் லொறி ஊருக்குள் நுழைந்தால், இவர் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். விலை அங்கேயே ஏறிவிடும். அதைவிடப் பெரிய கெடுதல் உங்களுக்குள்ளேயே நடக்கும். லொறிக்கு எண்ணெய் அடித்தாயிற்று, வெறுமையாகத் திரும்புவதா என்று மனது சொல்லும். உக்கிப்போன மேசையைக்கூட ஏற்றிக்கொண்டு வந்துவிடுவீர்கள். முதல் வாரம் பார்ப்பதற்கு, பேசுவதற்கு, தொலைபேசி இலக்கம் வாங்குவதற்கு. இரண்டாம் வாரம் ஏற்றுவதற்கு.

அடுத்தது, எங்கே என்ற கேள்வி. எங்கள் பக்கத்தில் நல்ல பழைய சாமான் கடையில் காத்திருக்காது. வீடுகளில் இருக்கிறது, ஓடாவிப் பட்டறைகளின் பின்பக்கத்தில் இருக்கிறது, பழைய இரும்புக் கடையின் குவியலுக்குள் இருக்கிறது. எந்த ஊரில் எது மிஞ்சியிருக்கும் என்பதை ஊரின் கதையை வைத்துத்தான் கணிக்க வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு அடித்த சூறாவளி இந்த மாவட்டத்தில் கூரைகளைத் தூக்கி எறிந்தது. கூரை போன வீட்டில் மழையில் ஊறிய மரச் சாமான் எவ்வளவு மிஞ்சும்? 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரத்தைத் துடைத்தது. நாவலடி, கல்லடி தொடங்கி மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் வரை கடலை ஒட்டிய வளவுகளில் 2004க்கு முந்திய பொருள் இருந்தால் அது பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கடல் வரவில்லை. ஆனால் யுத்தத்தில் அங்குள்ள சனம் கையில் கிடைத்ததோடு திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தது. அதனால் அங்கே மிஞ்சியிருப்பது தூக்கிக்கொண்டு ஓட முடியாத பாரமான சாமான்தான். பெரிய பெட்டகம், உரல், முதிரைக் கதவு, இரண்டு ஆள் சேர்ந்து நகர்த்த வேண்டிய மேசை. இலேசான கதிரைகளும் பித்தளைச் சாமான்களும் அங்கே குறைவு.

உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் கடலுக்கு அருகில் நின்ற சைக்கிள், தையல் மெசின், இரும்பு அலுமாரி எல்லாம் உள்ளுக்குள் கறள் பிடித்திருக்கும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைக்கும். இரும்புச் சாமானை வாவிக்கு மேற்கே தேடுங்கள். மரச் சாமானுக்கு இந்தக் கவலை குறைவு, அதன் பிணைச்சலையும் பூட்டையும் தவிர.

சனிக்கிழமைப் பாதையை இப்படி வைத்துக்கொள்ளலாம். வெள்ளாப்பிலேயே கிளம்பி, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போங்கள். 2014ல் அந்தப் பாலம் திறக்கும்வரை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் அங்கே கடந்தோம். ஒரு தடவை அப்பா திருத்திய பெட்டகத்தை அந்த மிதவையில் ஏற்றி, அது ஆடிவிடாமல் நான் மேலேயே உட்கார்ந்து வந்தேன். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே அம்பிளாந்துறை, பழுகாமம், போரதீவு என்று மெதுவாக இறங்குங்கள். அவசரப்பட்டால் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிடலாம். நேரம் இருந்தால் வெள்ளாவெளி, மண்டூர் வரை போங்கள். ஒவ்வொரு ஊரிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தேத்தண்ணிக் கடையில் இருந்து, "இந்தப் பக்கம் ஆராவது வீடு இடிச்சுக் கட்டுறாங்களா?" என்று கேளுங்கள். பழைய சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். தங்கள் வீட்டில் இருப்பதை ஒருவரும் பழைய சாமான் என்று நினைப்பதில்லை. வீடு இடிக்கிற இடத்தில் கதவு, யன்னல், முகட்டு வளை, வைக்க இடமில்லாத அலுமாரி எல்லாம் முற்றத்தில் படங்கு மூடிக் கிடக்கும். அந்த ஊரின் ஓடாவி யார் என்றும் கேளுங்கள். திருத்தக் கொடுத்துவிட்டு வாங்க வராத சாமான் இல்லாத பட்டறையை நான் கண்டதில்லை.

எந்த மாதம் என்பதும் முக்கியம். பெரும்போக வெள்ளாண்மை வெட்டி நெல் காசாகிற மாசி, பங்குனியில் வீடுகளில் புதுச் சாமான் இறங்கும். பழையது வெளியே வரும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னர் வீடு வெள்ளையடிக்கும்போதும் அப்படித்தான். முஸ்லிம் ஊர்களில் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் இதையே பார்ப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள். படுவான்கரைப் பாதைகளுக்கு மேலால் வெள்ளம் பாயும். நனைந்த மரத்தின் உண்மையான நிலையையும் அந்த நாட்களில் பார்க்க முடியாது. ஊதிய மரத்தில் வெடிப்பு மூடிக்கொள்ளும், காய்ந்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

இனி அலுமாரி. இதில்தான் நான் நின்று பேச வேண்டும்.

எந்த அலுமாரியையும் முன்னாலிருந்து பார்க்காதீர்கள். முன்பக்கத்தைத்தான் பொலிஷ் பண்ணி வைத்திருப்பார்கள். லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, தலைகீழாகப் பிடித்து அதன் அடிப்பலகையைப் பாருங்கள். வார்னிஷ் படாத இடம் அதுதான். மரத்தின் உண்மை நிறம் அங்கே தெரியும். தேக்கு என்றால் தங்கக் கபிலமாக, தொட்டால் இலேசான எண்ணெய்ப் பசையாக இருக்கும். நகத்தால் சுரண்டி மணந்தால் தோல் போன்ற ஒரு மணம் வரும். முதிரை வெளிர் மஞ்சள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பட்டுச் சீலை போல மினுங்கும், தேக்கைவிடப் பாரமாக இருக்கும். வெளியே தேக்கு நிறம், உள்ளே வெள்ளையாக, மணமில்லாமல் இருந்தால் அது றப்பர் மரத்துக்குச் சாயம் பூசியது. அதை வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். தேக்கின் விலை கொடுக்கக் கூடாது.

பிறகு லாச்சியின் மூலையைப் பாருங்கள். இரண்டு கையின் விரல்களைக் கோர்த்தது போலப் பலகையைப் பல் பல்லாக வெட்டிப் பூட்டியிருந்தால் அது கைவேலை. பல்லும் இடைவெளியும் ஒரே அளவில் இல்லாமல் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் இன்னும் நல்லது, உளியால் வெட்டியது என்று அர்த்தம். வெறும் ஆணி அடித்து ஒட்டியிருந்தால் அந்த லாச்சி இரண்டு வருடத்தில் முகம் கழன்று வந்துவிடும். பிணைச்சலின் ஸ்குரூக்களையும் பாருங்கள். தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழசு. நட்சத்திரத் தலை இருந்தால் பின்னர் மாற்றியது. மாற்றியது தப்பில்லை, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழைய ஓட்டை பெருத்துப்போய் மரம் பிடிமானம் இழந்திருந்தால் அதை அடைத்துத் திருத்த வேண்டிவரும். அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பூச்சியைப் பற்றித்தான் சனம் அதிகம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறது. கறையான் அரித்த அடிக்காலைக் கண்டவுடன் பயந்து நல்ல அலுமாரியை விட்டுவிட்டுப் போகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கறையானில் பெரும்பாலானவற்றுக்கு மண்ணோடு தொடர்பு வேண்டும், ஈரம் வேண்டும். அலுமாரியைத் தூக்கி வெயிலில் வைத்து, காய்ந்த தரையில் நிறுத்தினால் அதன் கதை முடிந்தது. அரித்த நான்கு அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதுக் கால் பொருத்தினால் சரி. பயப்பட வேண்டியது உளு. குண்டூசி குத்தியது போன்ற சின்னச் சின்ன வட்டத் துளைகள். துளை இருப்பது மட்டும் ஆபத்தில்லை, பத்து வருடத்துக்கு முன்னர் பூச்சி வெளியே போன துளையாகவும் இருக்கலாம். சாமானைத் துடைத்து, கீழே வெள்ளைத் தாள் விரித்து, இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். மா போன்ற தூள் புதிதாக விழுந்தால் உள்ளே இன்னும் உயிரிருக்கிறது. அதனால்தான் முதல் வாரம் பார்த்துவிட்டு இரண்டாம் வாரம் ஏற்றச் சொன்னேன்; வீட்டுக்காரரிடம் தாளை விரித்து வைத்துவிட்டு வரலாம். மரியாதையாகக் கேட்டால் ஒருவரும் மறுப்பதில்லை.

இந்தப் பூச்சி பெரும்பாலும் மரத்தின் வெளிற்றை, அதாவது வெளிப்பக்கத்து வெளிர் மரத்தைத்தான் தின்னும், உள்ளே இருக்கும் வைரத்துக்குள் போகாது. பழைய ஓடாவிகள் வெளிற்றைச் சீவி எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். எண்பது வருடத் தேக்கு அலுமாரி இன்றைக்கும் நிற்பதற்கும், போன வருடம் வாங்கிய கட்டில் கொட்டுவதற்கும் காரணம் இதுதான். உயிருள்ள பூச்சி உள்ள சாமானை விரும்பி எடுத்தால், வார்னிஷைச் சுரண்டிவிட்டு வெண்காரமும் போறிக் பவுடரும் சுடுநீரில் கரைத்து இரண்டு மூன்று தடவை ஊறப் பூசுங்கள். வார்னிஷின் மேல் பூசினால் உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் பூசுவது பலருடைய வழக்கம். நான் அதை நம்புவதில்லை, வீடு முழுக்க மணப்பதுதான் மிச்சம்.

மேசைக்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. மேலே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். கால் ஆடினால் மூட்டைக் கழற்றித் திரும்ப ஒட்டலாம். மேற்பலகை வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிரம்பு பின்னிய கதிரை கிடைத்தால் சட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னல் அறுந்தது பிரச்சினையில்லை, ஆனால் பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கூலியைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

தையல் மெசின். சிங்கர் 1877லேயே இலங்கைக்கு வந்த கம்பனி. அதனால் காலால் மிதிக்கும் கறுப்பு மெசின் எங்கள் ஊர்களில் அரிதில்லை. அதன் இரும்பு இன்றைக்கு வருகிற மெசின்களில் இல்லை. உங்கள் மனைவி தைக்கத் தெரிந்தவர் என்றால் அவர்தான் பார்க்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பையில் இரண்டு துண்டுத் துணி, நூல், புது ஊசி கொண்டு போங்கள். முதலில் சில்லை ஒரு விரலால் தன் பக்கமாகச் சுற்றட்டும். இறுகி நின்றால் உடைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்ததில் பழைய எண்ணெய் பசையாகியிருக்கும். மண்ணெண்ணெய் சில துளி விட்டு ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் இளகும், பிறகு மெசின் எண்ணெய் விடலாம். ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் தேய்ந்த மெசின். துணியைத் தள்ளும் பல் கூராக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கடைசியாகக் கீழ்மூடியை இழுத்து பொபினைப் பாருங்கள். வட்டமான பொபின் என்றால் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். படகு மாதிரி நீண்ட ஓடத்துக்குள் மெல்லிய குச்சி போன்ற பொபின் போகிற பழைய வகையும் உண்டு. பார்க்க மிகவும் அழகு, ஆனால் ஒரு பொபின் தொலைந்தால் தேடி அலைவீர்கள். தினமும் தைக்கப்போகிறவருக்கு அது வேண்டாம்.

குத்துவிளக்குக்கு ஒரு சின்னக் காந்தம், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு கைத்தராசு. காந்தம் ஒட்டினால் இரும்புக்கு முலாம் பூசியது. விளக்கை மரையில் கழற்றி ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். பாரம் காட்டுவதற்காக அடிப்பாகத்துக்குள் சீமெந்து நிரப்பியதை நான் ஒரு கடையில் கண்டிருக்கிறேன். தகழியில் தண்ணீர் ஊற்றிவைத்தால் ஈயப் பற்று வைத்த ஓட்டை தெரிந்துவிடும். வெண்கலமா பித்தளையா என்று அறிய, தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். பழைய பித்தளைப் பானையில் சமைக்க ஆசை இருந்தால் உள்ளே வெள்ளீயம் புதிதாகப் பூசிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். பூச்சுப் போன பானையில் புளிக் கறி வைக்கவே கூடாது.

தராசு எதற்கு என்றால், பித்தளைக்கு இரண்டு விலை உண்டு. பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கு விலை ஒன்று, விளக்காக அதன் விலை இன்னொன்று. முதல் வேலையாக உங்கள் ஊர்க் கடையில் அன்றைய கிலோ விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாங்கினால் அதைவிட நன்றாகவே கூட்டிக் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கினால் அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலே கடைக்காரர் சம்மதிப்பார், அவருக்கு அது உருக்கப்போகிற உலோகம். நான் பழைய இரும்புக் கடைகளுக்கு வாரம் ஒரு தடவை போவதே இதற்காகத்தான். வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, படிக்கம், மூக்குப்பேணி, நெல் அளந்த மரைக்கால் எல்லாம் கறள் பிடித்த மண்வெட்டிகளோடு ஒன்றாகக் கிடக்கும். அடுத்த லொறி வந்தால் கொழும்புக்குப் போய்விடும். எங்கள் பெத்தாமார் கையால் தேய்ந்த தட்டம் உருகிப் பைப் மூட்டாக மாறுவதைவிட, நீங்கள் வாங்கி ஒரு மேசையில் வைப்பது எனக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அம்பாறைப் பக்கம். மண்டூர்ப் பக்கமிருந்து நாவிதன்வெளிக்குப் போய்க் கிட்டங்கியால் கல்முனைக்கு வரலாம். மாரியில் கிட்டங்கியில் தண்ணீர் ஏறிவிடும், கோடையில் போவதற்கு அருமையான பாதை. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறைக் கடைகளில் வியாபாரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விலை தெரியாமல் விற்கமாட்டார்கள். அது குறையல்ல. அங்கே வாங்குவதை நம்பி வாங்கலாம், பழுதென்றால் திரும்பக் கொண்டுபோய்ப் பேசலாம். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; "காக்கா, கடைசி விலை சொல்லுங்க" என்று ஒரு தடவை கேளுங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், எப்போதாவது லீவு போட்டுப் போனால் நினைவில் வைத்திருங்கள். மருதமுனையால் போகும்போது ஒரு கைத்தறிச் சாரமோ போர்வையோ எடுங்கள். அது பழைய சாமான் இல்லைதான், ஆனால் அந்த நூலுக்கு அந்த விலை வேறெங்கும் இல்லை.

சம்மாந்துறையிலிருந்து அம்பாறை வரை இரண்டு பக்கமும் வயல். கல்லோயாத் திட்டம் 1949ல் தொடங்கியபோது உருவான நகரம் அது; உத்தியோகத்தர்களுக்கு விடுதிகள், அலுவலகங்கள் என்று ஒரே காலத்தில் நிறையக் கட்டினார்கள். அந்தக் காலத்து அலுவலக மேசை, சாய்மனைக் கதிரை இன்னும் அங்கங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. அலங்காரம் இல்லாத, கனமான, நேர்க்கோட்டு வேலை. வீட்டுக்கு எழுத்து மேசை வேண்டுமென்றால் நான் அங்கேதான் தேடுவேன். கடைக்காரர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுவார்கள். "கீயத?" என்று விலை கேட்டு, "டிகக் அடு கரன்ன" (கொஞ்சம் குறையுங்கள்) என்று சிரித்தபடி சொன்னால் போதும்; அவர்களும் நம் தமிழுக்குப் பாதி வழி வருவார்கள்.

ஏலங்களையும் விட்டுவிடாதீர்கள். அரச அலுவலகங்களில் வருட முடிவில் பொருட்கணக்கு எடுப்பார்கள். பாவனையிலிருந்து கழித்த மேசை, கதிரை, இரும்பு அலுமாரி எல்லாம் பின்னர் ஏலத்துக்கு வரும். அறிவித்தல் அலுவலகப் பலகையிலும் பத்திரிகையிலும் போடுவார்கள். நீதிமன்றங்களும் வழக்கில் பிடித்த சைக்கிள் போன்றவற்றை ஏலம் விடும். இரண்டு இடத்திலும் சாமானை முதலே பார்க்கலாம், பார்த்துவிட்டு உங்கள் மனதுக்குள் ஒரு விலையை எழுதி வையுங்கள். ஏலத்தில் குரல் ஏறும்போது கை தானாக உயரும். இரும்பு அலுமாரி வாங்கப் போனால் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சைக்கிள் கேட்கவில்லை நீங்கள், ஆனால் ஒன்று சொல்கிறேன். 2022ல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் பழைய சைக்கிளுக்கு வந்த மதிப்பை எல்லோரும் பார்த்தோம். அப்போது வாங்கிய பல சைக்கிள்கள் இப்போது சும்மா நிற்கின்றன. கிடைத்தால் எடுங்கள். மிதியின் கீழே சட்டத்தில் அடித்த இலக்கம் அழிந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

பழையதாக வாங்கக் கூடாதவையும் உண்டு. மெத்தை வேண்டவே வேண்டாம், ஒரு மூட்டைப்பூச்சி போதும் வீட்டைக் கெடுக்க. தலைக்கவசம் வேண்டாம், உள்ளே வெடித்தது வெளியே தெரியாது. காஸ் அடுப்பின் பைப்பும் ரெகுலேட்டரும் புதிதாகவே வாங்குங்கள். மாரி வெள்ளம் வடிந்த பிறகு மலிவாக வருகிற பிரிஜ், தண்ணீர் மோட்டர் பக்கம் போகாதீர்கள். தண்ணீர் ஏறிய மின்சாமான் ஒரு மாதம் வேலை செய்து நம்பிக்கை தந்துவிட்டுத்தான் நிற்கும்.

பேரம் பேசுவதைப் பற்றி. கடையில் பேசுங்கள், ஏலத்தில் பேசுங்கள். வீட்டில் வாங்கும்போது முதலில் அந்த வீட்டைப் பாருங்கள். யுத்தத்துக்குப் பிறகு ஒரு நாள் படுவான்கரையில் ஒரு அம்மாவிடம் இரண்டடிக் குத்துவிளக்கு வாங்கினேன். அவர் கேட்டதே குறைவு, நான் அதையும் குறைத்தேன். விளக்கைத் துணியில் சுற்றித் தந்துவிட்டு, "இது என்ட கலியாணத்துக்கு ஏத்தின விளக்கு மகன், கவனமா வைச்சிரு" என்றார். கடன்காரன் அடுத்த நாள் வருவான் என்று பக்கத்து வீட்டில் பின்னர் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து விளக்கைத் திரும்பக் கொடுக்கப் போனபோது அவர் மகளுடைய ஊருக்குப் போயிருந்தார். அந்த விளக்கை நான் விற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் எரிகிறது. அதற்குப் பிறகு நுண்கடனுக்கோ மருந்துக்கோ விற்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்ட விலையைக் கொடுப்பேன், முடியாவிட்டால் வாங்காமல் வருவேன். விற்கிற முகத்தில் அது தெரியும் தம்பி. பொருளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு விலை சொல்வார்கள்.

கோயில் சாமான் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் தொடாதீர்கள். பெயர் வெட்டிய விளக்கு, தீபத்தட்டு, சிலம்பு, உடுக்கு. சிவன் சொத்து குலநாசம் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது சும்மா இல்லை. யுத்த காலத்தில் ஆளில்லாமல் கிடந்த கோயில்கள் எத்தனையோ, அவற்றின் பொருள் எங்கெங்கோ போனது. உங்கள் கைக்கு ஒன்று வந்தால் அந்தக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் சொல்லுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருட்கள். நாணயமோ சிலையோ மண்ணில் கிண்டி எடுத்தது என்று யாராவது இரகசியமாகக் காட்டினால் அங்கேயே திரும்பி நடந்துவிடுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கனடா மாமி விளக்குக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பழைய வளை, நிலை, பலகை ஏற்றுவதென்றால் மரம் ஏற்றும் அனுமதிப் பிரச்சினை வரும். வீடு இடித்த மரம் என்று கிராம உத்தியோகத்தரின் கடிதம் எடுத்து, இது போதுமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். எதை வாங்கினாலும் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தேதி, பொருள், விலை எழுதி ஒரு கையெழுத்து. எழுதித் தர மறுக்கிற பொருள் அவருடையதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் பட்டாவோடு போகும்போது நான்கு பழைய சாக்கு, இரண்டு கயிறு, ஒரு படங்கு. அலுமாரியின் கதவுகளையும் லாச்சிகளையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள், முதுகுப் பக்கம் கீழே படுக்க வையுங்கள். தையல் மெசினின் தலையைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தாலும் சரி, பின்னால் மட்டும் வேண்டாம். படுவான்கரையிலிருந்து நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பொழுது பட்டால் வெள்ளாவெளிப் பக்கம் பாதையில் யானை நிற்கும், சாமான் ஏற்றிய வண்டியைத் திருப்ப இடமிருக்காது.

அலுமாரி வீட்டுக்கு வந்ததும் உடனே சாண்ட் பேப்பர் பிடிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஒரு வாரம் காற்றாட வையுங்கள். லாச்சிகள் இறுகினால் சீவ வேண்டாம். ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்து இழுத்துப் பாருங்கள்.